ஒதுக்கிய கடலை எங்கே போகிறது?

மூட்டையைப் பிரித்ததும் நிலக்கடலைப் பருப்பில் சிலது பச்சைப் பூசணம் படர்ந்து, சுருங்கிக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பொறுக்கி ஒதுக்கிவிட்டு, "எண்ணெய்க்குப் போகட்டும்" என்று விலை குறைத்துத் தள்ளிவிடுவதும் நம்மிடையே உள்ள வழக்கந்தான்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த பிரேசில் கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். நம் நாட்டிலும் 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேர் வரை கல்லீரல் கெட்டு இறந்தனர். அளவுக்கு மீறித் தின்றதால் வந்த சாவு அது. சிறுகச் சிறுக உள்ளே போனால் வருவது கல்லீரல் புற்றுநோய்.

அது எப்படி என்பதை நம் தொழில் பாஷையிலேயே சொல்லலாம். கல்லீரல் செல்லுக்குள் டி.என்.ஏ. என்ற இழை இருக்கிறது. எந்த மரபணு சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு அதில் மெத்தில் என்னும் சிறு அடையாளங்கள் உண்டு. புதுக்கணக்குப் போடும்போது பழைய பேரேட்டு பாக்கியை எடுத்தெழுதுகிறோமல்லவா? அதுபோல, செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு நொதி பழைய இழையைப் பார்த்துப் புது இழையிலும் அடையாளம் இடுகிறது. அஃப்ளாடாக்சினோ கல்லீரலில் வீரியம் ஏறி, குவானின் என்ற எழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. சில சமயம் எழுத்தே மாறிப்போகிறது. மெத்தில் அடையாளம் விழும் இடமும் குவானினுக்கு அடுத்ததுதான். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் பல டி.என்.ஏ.யில் ஒட்டினால் நொதியின் வேலை தடைபடும் என்று 1983-இல் வில்சன், ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சோதனைக் குழாயில் காட்டினார்கள். ஒருமுறை எழுத விட்டுப்போன பாக்கி அடுத்த பேரேட்டுக்கு எப்படி வரும்?

ஓய்ந்திருக்கும் செல்லில் எடுத்தெழுதும் வேலை குறைவு. அடிபட்ட கல்லீரல்தான் தன்னைச் சரிசெய்ய மளமளவென்று பிரிகிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு இந்த நஞ்சால் ஆபத்து பல மடங்கு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதும் போவதில்லை. செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் மாட்டின் பாலில் வேறு உருவில் வருகிறது. சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் இறங்குகிறது. ஆகவே 'எண்ணெய்க்குப் போகட்டும்' என்ற பேச்சு இனி செல்லாது. ஒதுக்கியதைப் புதைத்துவிட வேண்டியதுதான். அந்த நஷ்டம் நம் தலையில் விழாதிருக்க, கொள்முதலின்போதே ஈரம் பார்த்து, கழிவு கழித்து விலை பேசலாம். கிட்டங்கியில் மூட்டைகளைத் தரையில் போடாமல், சுவரிலும் சாய்க்காமல், பலகை மேல் அடுக்கலாம்.