நெல் வயலின் நீர்க்கணக்கில் எந்த எண் முக்கியம்?

நெற்பயிரின் வளர்ச்சியையும் நீர்த்தேவையையும் முன்கூட்டியே கணக்கிடக் கணிப்பொறி மாதிரிகள் உதவுகின்றன. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் 2001இல் வெளியிட்ட 'ஒரைசா 2000' அவற்றுள் ஒன்று. வெயில், மழை, மண், இரகம் பற்றிப் பல எண்களை இம்மாதிரிகளுக்குத் தரவேண்டும். எல்லாவற்றையும் துல்லியமாக அளக்க இயலாது. எதை அவசியம் அளக்க வேண்டும் என்று காட்டுவதே உணர்திறன் ஆய்வு.

ஓர் எண்ணை மட்டும் கூட்டியும் குறைத்தும், மற்றவற்றை மாற்றாமலும் விடையைக் கவனிக்க வேண்டும். விடை பெரிதும் மாறினால் அந்த எண் முக்கியமானது.

உதாரணமாக, 100 நாட்கள் நீர் நிற்கும் வயலில் பயிர் வழியாகவும் ஆவியாகவும் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் செலவாவதாகக் கொள்வோம். இதில் 10 சதவீதம் பிசகினால் வேறுபாடு 50 மி.மீ. மட்டுமே. ஆனால் மண்ணுக்குள் இறங்கும் நீர் களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ. வரையும், மணற்பாங்கான நிலத்தில் 25 மி.மீ. வரையும்கூட இருக்கும். 5 மி.மீ. இறங்கும் வயலுக்கு 2 மி.மீ. என்று கொடுத்தால் கணக்கில் 300 மி.மீ. குறையும். அதாவது ஏக்கருக்குச் சுமார் 12 இலட்சம் லிட்டர்! அக்கணக்கை நம்பி நட்ட பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் காய நேரிடும்.

நீர் நிறைந்த வயலில் தழைச்சத்து தரும் பலன் வேறு. காய்ந்த வயலில் வேறு. எனவே வெவ்வேறு தொடக்க நிலைகளிலிருந்து எண்களை மாற்றிப் பார்க்கும் மாரிஸ் முறையும் 1991 முதல் கையாளப்படுகிறது.

கசிவை அளக்கும் முறை

மழை, பாசனம், வடிகால் இல்லாத இரவில் வயலில் அளவுகோல் ஊன்றி, மாலை 6 மணிக்கும் காலை 6 மணிக்கும் நீர்மட்டத்தைக் குறிக்கவும். குறைந்த அளவை இரட்டித்தால் வரப்புக் கசிவு உள்பட ஒரு நாள் கசிவு ஏறத்தாழக் கிடைக்கும். நான்கைந்து இரவுகளின் சராசரியே நம்பத்தக்கது.