தோலுரிக்கத் திணறும் கும்பிடுபூச்சி

நாய், பூனை வளர்ப்பதற்கு வீட்டு உரிமையாளர் இணங்காத தொடர்மாடி வீடுகளிற் பிள்ளைகளின் ஆசையைத் தீர்த்து வைப்பதற்குக் கும்பிடுபூச்சி ஏற்றது. சத்தமில்லை, மணமில்லை, ஒரு சிறிய பெட்டியே போதும். ஐரோப்பாவில் வளர்ப்போர் பெரிதும் விரும்பும் இனங்களுள் ஒன்றான ஹைரோடூலா மெம்பிரனேசியா இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழ்வது. எனவே, ஊரில் வேலியோரங்களிற் கண்ட பச்சைப் பூச்சியை இங்கு கண்ணாடிப் பெட்டியினுள் காண்பதில் வியப்பில்லை. எனினும், ஜேர்மனியில் இயற்கையாக வாழும் ஐரோப்பிய இனம் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டதாகும். அதனைப் புல்வெளியிற் பிடித்து வரக்கூடாது. வதிவிட அனுமதிக்குக் காத்திருப்போர் ஒரு பூச்சியின் பொருட்டுச் சட்டத்தோடு முரண்பட வேண்டியதில்லை.

இப்பூச்சியின் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டே. அதற்குள் அது பல தடவைகள் தோலுரித்து வளர்கிறது. வளர்ப்போர் தமது பூச்சியை இழப்பது பெரும்பாலும் அவ்வேளைகளிலேயே.

தோலுரிக்கும் பூச்சி தலைகீழாகத் தொங்குகிறது. மார்பின் முதுகுப்புறத்திற் பழைய தோல் வெடிக்க, உடல் தன் பாரத்தினாலேயே கீழ்நோக்கி வழுகி வெளிவருகிறது. நீண்ட கால்கள் ஒவ்வொன்றும் உறையிலிருந்து வாள் உருவப்படுவது போல விடுபட வேண்டும். ஏறத்தாழ அரைமணி நேரத்தில் இது முடிவடையும். காற்று வரண்டிருந்தால் பழைய தோல் புதிய உடலோடு ஒட்டிக்கொள்கிறது. மாரிகாலத்தில் நாள் முழுவதும் ஹீற்றர் எரியும் அறையே இதற்கு முதற் காரணம். பெட்டியை ஹீற்றருக்கு அண்மையில் வைத்துவிட்டுப் பூச்சிக்குக் குளிராதென்று நிம்மதியடைவது தவறான கருணை.

இரண்டாவது காரணம் பெட்டியின் அமைப்பு. அதன் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காயினும் இருத்தல் வேண்டும். கண்ணாடி மூடியில் நகங்கள் உறுதியாகப் பற்றமாட்டா. நைலோன் வலையை உட்புறமாகக் கட்டுவதும், சொரசொரப்பான குச்சிகளைச் சாய்த்து வைப்பதும் நன்று.

தோலுரிக்குமுன் பூச்சி சில நாட்கள் இரை உண்ண மறுக்கும், மந்தமாகத் தொங்கும். இறுதித் தோலுரிப்பாயின் முதுகிலுள்ள இறக்கை மொட்டுகள் பருத்துக் காணப்படும். பசியின்மையை நோயென்றெண்ணி மேலும் இரையைப் போடுவது ஆபத்தானது. தீனிக்காக விடப்பட்ட வெட்டுக்கிளி, மெல்லுடலுடன் தொங்கும் பூச்சியைக் கடித்துவிடக்கூடும். உயிருள்ள இரையை உடனே அகற்றி, பெட்டியின் சுவர்களில் நீரை மென்மையாகத் தெளித்து, அசைக்காது விடுதலே போதும்.

நடுவழியிற் பூச்சி கீழே விழுந்தால்? கழன்ற பழைய தோலின் நுனியை மட்டும் சாவணத்தாற் பிடித்து, தலை கீழ்நோக்கியிருக்குமாறு ஒட்டுநாடாவினால் ஒரு குச்சியில் தொங்கவிடலாம். பூச்சியின் உடலைத் தொடுதல் ஆகாது. புதிய தோல் அப்பொழுது ஈர மாவைப் போல நசியும் தன்மையுடையது. கால் நுனியில் தோல் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்தூரிகையால் அவ்விடத்தை மாத்திரம் ஈரப்படுத்திக் காத்திருக்க வேண்டும். இழுத்தாற் காலும் சேர்ந்து கழன்றுவிடும். பிள்ளைகளின் விரல்கள் இவ்வேளையிற் பொறுமையிழக்கும். பெரியவர் ஒருவர் அருகிருப்பது நல்லது.

நடக்கும் கால் ஒன்றை இழந்த பூச்சி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இளம்பூச்சியாயின் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் அக்கால் சிறிது சிறிதாக மீள வளரும். இறக்கை முளைத்து முதிர்ந்தபின் அதற்கு வழியில்லை. முன்கால்கள் இரண்டும் கோணலாக இறுகிவிட்டால் அதனால் இரை பிடிக்க இயலாது. அந்நிலையில் வெட்டப்பட்ட இரைத்துண்டைச் சாவணத்தால் வாயருகே நீட்டியும், தூரிகை நுனியில் நீர்த்துளி கொடுத்தும் பேணலாம். உடல் முழுவதும் பழைய தோலினுள் இறுகி, நிமிரவோ பருகவோ இயலாது கிடக்கும் பூச்சியைச் சிலர் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து அமைதியாக இறக்கவிடுகின்றனர். பிள்ளைக்கு மறைக்காமல் இதனை எடுத்துக் கூறுவதே முறை என்பது எமது கருத்து.

நன்கு தோலுரித்த பூச்சிக்கும் உடனே இரை தரலாகாது. தோல் இறுகுவதற்கு ஒரு நாளாயினும் விட்டு, முதலிற் சிறிய, மென்மையான ஈ போன்றவற்றையே கொடுக்க வேண்டும்.