இரத்தத்திற்குள் ஒரு கூட்டுக் குடும்பம்

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதைச் சுற்றிலும் தண்ணீர். ஆனாலும் அதற்குப் பிராணவாயு வேண்டுமே! எங்கிருந்து கிடைக்கிறது? தாயின் இரத்தத்திலிருந்துதான். நஞ்சின் மெல்லிய சவ்வுக்கு இந்தப் புறம் தாயின் இரத்தம். அந்தப் புறம் சேயின் இரத்தம். இரண்டும் கலப்பதில்லை. தாயின் இரத்தம் சுமந்து வரும் பிராணவாயுவைச் சவ்வின் வழியாகவே சேயின் இரத்தம் இழுத்துக்கொள்கிறது.

இரண்டு இரத்தத்துக்கும் ஒரே பிடிப்பு இருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் சரியாக நடக்குமா? சேயின் பிடி சற்றே வலுவாக இருக்க வேண்டாமா? அப்படித்தான் இருக்கிறது. பிறக்காத குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு. அதன் தாயின் ஹீமோகுளோபின் வேறு!

இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் இந்த ஹீமோகுளோபின், நான்கு புரதச் சங்கிலிகள் கூடிய பொருள். பெரியவர்களுக்கு ஆல்பா இரண்டு, பீட்டா இரண்டு. கருவில் உள்ள சிசுவுக்கோ பீட்டாவின் இடத்தில் காமா. ஒவ்வொரு சங்கிலியையும் செய்யத் தனித்தனி ஜீன் உண்டு. பீட்டாவும் அதன் பங்காளிகளும் 11-ஆவது குரோமோசோமில் வரிசையாகக் குடியிருக்கிறார்கள்: எப்சிலான், காமா இரண்டு, டெல்டா, பீட்டா. உட்கார்ந்திருக்கும் வரிசையிலேயே அவர்கள் வேலைக்கும் போகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கருவின் முதல் வாரங்களில் எப்சிலான். பிறகு பிரசவம் வரையில் காமா. பிறந்த சில மாதங்களில் பீட்டாவின் ராஜ்யம். டெல்டா, பாவம், வேலைக்குப் போகிறேன் என்று பெயர் பண்ணுகிற சித்தப்பாவைப் போல. பெரியவர்களின் ஹீமோகுளோபினில் அதன் பங்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். இவர்களுக்கு நடுவே ஒரு ஜீன் செத்தே கிடக்கிறது. அதையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டுதான் வருகிறோம்.

இத்தனை பேர் எப்படி வந்தார்கள்? ஆதியில் ஒரே ஜீன்தான் இருந்தது, அது இரட்டித்து இரட்டித்துக் குடும்பமாகப் பெருகிற்று என்று 1961-இல் வெர்னன் இன்கிராம் என்னும் விஞ்ஞானி எழுதினார். இரட்டிப்பதாவது? விந்தும் கருமுட்டையும் உண்டாகும் சமயத்தில் ஜோடிக் குரோமோசோம்கள் அருகருகே நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். எப்போதாவது அவை வரிசை பிசகி நின்றுவிட்டால், ஒன்றுக்கு ஒரே ஜீன் இரண்டாகக் கிடைக்கும். மற்றது வெறுங்கையோடு போகும்.

பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டைப் பேத்தி பார்த்து எழுதுகிறாள். கவனக்குறைவால் சாம்பார்ப் பக்கத்தை இரண்டு தடவை எழுதிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பிழையில்லாமல் இருந்தால் போதும், வீட்டில் சாம்பார் கொதிக்கும். இன்னொரு பக்கத்தில் பின்னால் வருகிறவர்கள் புளியைக் கூட்டலாம், பருப்பைக் குறைக்கலாம். பெரும்பாலும் அது வாயில் வைக்க முடியாத பண்டமாகத்தான் முடியும். என்றைக்காவது ஒரு நாள் அது ரசமாகிவிடும்! ஜீன்களின் கதையும் இதுதான். அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த சுசுமு ஓனோ, 1970-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

காமாவையே பாருங்கள். எலியில் அது கருவின் ஆரம்ப நாட்களோடு ஓய்வு பெற்றுவிடுகிறது. குரங்கினத்தில், நம்மையும் சேர்த்துத்தான், அது இரட்டித்துப் பிரசவம் வரை உழைக்கக் கற்றுக்கொண்டது. வெள்ளாட்டின் கதை வேறு. அதனிடம் பீட்டாக் கூட்டம் முழுவதுமே மூன்று மடங்காகப் பெருகிற்று; அதில் ஒரு பீட்டா கருவுக்கென்று ஒதுங்கிக்கொண்டது. தேவை ஒன்று, வழி இரண்டு.

இனி, இந்தக் குடும்பத்தில் ஒரு துக்கம். பீட்டாச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் அரிவாள் அணு நோய் வருகிறது. 1950-களில் கேம்பிரிட்ஜில் இதைக் கண்டு சொன்னவரும் அதே இன்கிராம்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்து சேர்ந்த குழந்தையின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். வலி பொறுக்க முடியாது. எங்கோ ஆப்பிரிக்காவில் உள்ள நோய் என்று எண்ணிவிடாதீர்கள். 1952-இல் லேமனும் கட்புஷும் நமது நீலகிரி மலைவாசிகளிடமே இந்த அரிவாள் அணுக்களைக் கண்டார்கள்.

ஆனால் அந்தக் குழந்தை பிறந்தவுடன் நோய் தெரிவதில்லை. ஏன்? 1948-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற பெண் டாக்டர் இதைக் கவனித்தார். சிசுவின் உடம்பில் இன்னும் காமாதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பழுதுபட்ட பீட்டா இன்னும் வேலைக்கு வரவில்லை! ஐந்து, ஆறு மாதத்தில் காமா விடைபெறும்போதுதான் நோய் தலைகாட்டுகிறது.

அப்படியானால் ஓய்வு பெற்ற காமாவைத் திரும்பவும் வேலைக்குக் கூப்பிட முடியாதா? அதன் வாயை அடைத்து வைத்திருக்கும் புரதம் எது என்று 2008-இல் தெரிந்தது. நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து, அவற்றில் அந்தப் புரதத்தின் ஜீனை இயக்கும் துண்டைக் கத்தரித்து, மீண்டும் உடம்பில் செலுத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. பழைய காமா மறுபடி சுரக்கிறது. சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்கு மேல் அந்தக் கடும் வலி வரவில்லை.

விலையைக் கேட்டால்தான் நமக்கு வலிக்கும்: அமெரிக்காவில் 22 லட்சம் டாலர்! நல்ல வேளையாக, ஹைட்ராக்சியூரியா என்ற பழைய மருந்தும் காமாவை ஓரளவு தட்டி எழுப்புகிறது. அது மாத்திரைதான்; விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. டாக்டரின் மேற்பார்வையில், அவ்வப்போது இரத்தத்தைச் சோதித்துக்கொண்டு, தினமும் விழுங்கி வர வேண்டும்.