ஐப்பசியில் இறுகும் இழுப்பறை

சித்திரை வெயிலில் நான் செய்த முதல் இழுப்பறை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஐப்பசி அடைமழையில் இரண்டு கையால் இழுத்தும் அசையவில்லை. மாசியில் தானே இளகியது. அன்றிலிருந்து, "வீட்டில் சின்னதாக மரவேலைப் பட்டறை போடணும், என்னென்ன உளி வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அறுத்து எத்தனை வருடம் ஆனாலும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால், மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு அளவுக்கு நீர் அதில் தங்கும். ஈரப்பதம் 80-க்கு ஏறி வாரக்கணக்கில் நின்றால், நீர் 16-ஐ நெருங்கும். அது செல்களின் சுவருக்குள் புகுந்து சுவரைப் பருக்க வைக்கிறது. செல்கள் தண்டின் நெடுக்கில் கிடக்கும் நுண்குழல்கள். அதனால் பலகையின் நீளம் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது, அகலம்தான் பெருக்கும். அதிகம் அசையாத மரம் என்று பேரெடுத்த தேக்கிலேயே, ஓரடி அகலப் பலகை இந்த வேறுபாட்டுக்கு 4 மில்லிமீட்டர் வரை விரியலாம். மழைக்குக் கதவு உப்பிக்கொள்வதும் இதனால்தான்.

கதவின் நடுப்பலகையைத் தச்சர்கள் பசை வைக்காமல் காடிக்குள் சும்மா நிறுத்துவார்கள். பலகை பெருக்கவும் சுருங்கவும் விடும் இடம் அது. எவ்வளவு நுட்பமான அறிவு! வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர தடுக்காது. ஆகவே பட்டறைக்குக் குளியலறைச் சுவரை ஒட்டிய மூலை வேண்டாம். வாங்கிய பலகைகளைத் தரையிலிருந்து உயர்த்தி, இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் அந்த அறையிலேயே கிடக்க விடுங்கள். அறையின் காற்றுக்கு மரம் பழகிய பிறகு அளவெடுக்கலாம்.

வேலைமேசை கனமாக, ஆடாமல் இருந்தால் போதும். வெளிச்சத்துக்குத்தான் மெனக்கெட வேண்டும். முழுநிலவில் நிலாவின் பள்ளங்கள் மங்கித் தெரியும். அரைநிலவில் ஒளி சாய்வாக விழும் ஓரத்தில் ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். பலகையும் அப்படித்தான். தலைக்கு மேலே உள்ள டியூப்லைட்டில் வழவழப்பாகத் தெரிந்த பரப்பில், பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்தால் இழைப்புளி விட்ட தடம் அத்தனையும் தெரியும். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

தூசியை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இழைப்புளியின் சுருள் சீவல் காலடியில் விழுந்துவிடும். உப்புத்தாள் கிளப்பும் தூளில் தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் உண்டு. அவை காற்றில் வெகுநேரம் மிதந்து நுரையீரல்வரை போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது 1995-இல். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தூசியை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றை ஜன்னலில் பொருத்துங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியிலும் கவனம் வேண்டும். அந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிவரும். துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியை விரித்து, வீட்டுக்கு வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாகக் காயப்போட்டுவிட்டுத்தான் பட்டறையைப் பூட்ட வேண்டும்.