எல்லோரும் உண்ட பிறகா உங்கள் காலை உணவு?

அண்மையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடச் சென்றவர் வாசலிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். இரத்தச் சர்க்கரை அளவு 48 ஆக இருந்தது. நீரிழிவுக்கான கிளிமெபிரைடு மாத்திரையை உரிய நேரத்தில் விழுங்கியவர், “எல்லோரும் கிளம்பட்டும்” என்று உணவைத் தள்ளிப்போட்டிருந்தார். நல்வேளையாக விரைவில் தேறிவிட்டார்.

இவர் மட்டுமல்லர். காலையில் இரண்டு காபி, பதினொரு மணிக்கு ஆறிப்போன இட்லி என்பதே நம் இல்லங்களில் பல பெண்களின் வழக்கம். கேட்டால், “பசிக்கவில்லையே டாக்டர்” என்பார்கள். அது பொய்யன்று. நம் உடலின் உள்கடிகாரம் பசியுணர்வைக் காலையில் தாழ்த்தியும் மாலையில் உயர்த்தியும் வைக்கிறது. ஆனால், பசி தோன்றாததால் உணவு தேவையில்லை என்று பொருளாகாது. உண்மையில், இன்சுலின் காலை நேரத்தில்தான் இரவைவிடத் திறம்படச் செயல்படுகிறது. ஒரே அளவு சோற்றைக் காலையில் உண்பதைவிட இரவில் உண்ணும்போது சர்க்கரை அதிகமாக உயர்வது இதனால்தான்.

காலை உணவைத் தவிர்ப்பதன் விளைவு பெரும்பாலும் மாலையில் வெளிப்படுகிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டும் ஹார்மோன். உணவு உண்டதும் அதன் அளவு குறையும். குடலில் சுரக்கும் வேறு சில ஹார்மோன்கள், குறிப்பாகப் புரதம் நிறைந்த உணவுக்குப் பின், ‘போதும்’ என்ற நிறைவை மூளைக்கு உணர்த்தும். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், காலை உணவைத் தவிர்க்கும் வழக்கமுடைய, உடற்பருமன் மிகுந்த இளம்பெண்களுக்கு 35 கிராம் புரதம் கொண்ட காலை உணவு வழங்கப்பட்டது. அந்நாட்களில் அவர்கள் மாலையில் கொழுப்பு மிகுந்த நொறுக்குத் தீனி உண்பது குறைந்தது. ஆகவே, இரவில் கை தானாக மிக்சர் டப்பாவை நாடினால், அதை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் எண்ணி வருந்த வேண்டாம்.

சினைப்பை நீர்க்கட்டிப் பாதிப்புள்ள பெண்களுக்கு இது மேலும் முக்கியமானது. இரத்தத்தில் மிகும் இன்சுலின், சினைப்பையைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை உயர்த்துகிறது. மாதவிடாய் தள்ளிப்போவதற்கும் முகத்தில் ரோமம் வளர்வதற்கும் அதுவே வழிவகுக்கிறது. டேனியலா ஜாகுபோவிச் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இப்பாதிப்புள்ள ஒல்லியான பெண்கள் 60 பேர், நாளொன்றுக்கு 1,800 கலோரி வீதம் 90 நாட்கள் உண்டனர். ஒரு பிரிவினருக்குக் காலை உணவு பெரிது. மற்றவர்களுக்கு இரவு உணவு பெரிது. காலையில் மிகுதியாக உண்டவர்களிடம் இன்சுலினும் டெஸ்டோஸ்டிரோனும் குறைந்தன. கருமுட்டை வெளியாவதும் சீரடைந்தது. இது சிறிய ஆய்வே, மருந்துக்கு மாற்றாகாது. காலை உணவால் மட்டுமே எடை குறைந்துவிடும் என்பதற்கும் இல்லை. எனினும், உணவின் அளவோடு நேரத்தையும் கருத வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

இனி, நடைமுறைக்குச் சில குறிப்புகள்:

• நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைத் தாமதப்படுத்தக் கூடாது. விரதம் இருப்பதானால் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்து, மருந்தளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

• தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபியும் உணவும் கொள்ளுங்கள்.

• இரத்தச்சோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ காபியுடனோ உட்கொள்ளாதீர்கள். சத்து உடலில் சரிவரச் சேராது.

• வெறும் இட்லி, தோசையோடு நிறுத்தாமல் பருப்பு மிகுந்த சாம்பார், சுண்டல், முளைகட்டிய பயறு, முட்டை ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கள். அடையும் நல்லதே. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது.

• சமைக்க நேரமில்லாத நாளில், முந்தைய இரவே வேகவைத்த சுண்டலும் ஒரு பழமும் போதும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்மணியின் மகன், “அம்மா சாப்பிட்டாரா என்று நாங்கள் கேட்டதே இல்லை” என்று கூறிக் கலங்கினார். இப்போது அவர் வேலைக்குக் கிளம்புமுன் தாயுடன் அமர்ந்தே உண்கிறார். உங்கள் வீட்டிலும் நாளைக் காலையில், தோசைக்கரண்டியைச் சற்று நேரம் நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.