படிப்பு நேரம் - மதிப்பெண் ஒட்டுறவுச் சோதனை

படிப்பு நேரம் - மதிப்பெண் ஒட்டுறவுச் சோதனை என்பது, மாணவர்கள் படிப்பதற்குச் செலவிடும் நேரத்துக்கும் அவர்கள் பெறும் மதிப்பெண்ணுக்கும் இடையே தொடர்பு உள்ளதா எனப் புள்ளியியல் முறையில் ஆராய்வதாகும். ஒட்டுறவு என்னும் கருத்தை பிரான்சிஸ் கால்ட்டன் 1888இல் முன்வைத்தார். இன்று பயன்படும் ஒட்டுறவுக் கெழுவின் வாய்பாட்டை கார்ல் பியர்சன் 1896இல் வெளியிட்டார்.

ஒட்டுறவுக் கெழு

இக்கெழுவின் மதிப்பு -1 முதல் +1 வரை அமையும். நேரம் கூடும்போது மதிப்பெண்ணும் கூடினால் அது நேர் ஒட்டுறவு. குறைந்தால் எதிர் ஒட்டுறவு. மதிப்பு 0 எனில் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை எனப் பொருள்படும்.

எடுத்துக்காட்டு

ஐந்து மாணவர்கள் நாள்தோறும் முறையே 1, 2, 3, 4, 5 மணி நேரம் படித்து 50, 55, 65, 60, 70 மதிப்பெண்கள் பெற்றதாகக் கொள்வோம்.

- சராசரி நேரம் 3. சராசரி மதிப்பெண் 60.
- நேர விலக்கங்கள்: -2, -1, 0, 1, 2. இவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 10.
- மதிப்பெண் விலக்கங்கள்: -10, -5, 5, 0, 10. இவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 250.
- ஒத்த விலக்கங்களின் பெருக்கற்பலன்களின் கூடுதல் 45.

10 × 250 = 2500; இதன் வர்க்கமூலம் 50. எனவே கெழு = 45 ÷ 50 = 0.9.

மிகைகாண் சோதனை

இத்தொடர்பு தற்செயலாகவும் தோன்றியிருக்கலாம். ஆகவே "தொடர்பு இல்லை" என்னும் இன்மைக் கருதுகோளை எடுத்துக்கொண்டு டி-சோதனை செய்யப்படுகிறது. இச்சோதனை, வில்லியம் கோசெட் 1908இல் "ஸ்டூடன்ட்" (மாணவர்) என்னும் புனைபெயரில் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது.

மாணவர் எண்ணிக்கையிலிருந்து 2ஐக் கழித்தால் கிடைப்பது வரையற்ற பாகை. இங்கு அது 3. கெழுவின் வர்க்கத்தை 1இலிருந்து கழிக்க 0.19 கிடைக்கும். 3ஐ 0.19ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 0.9ஆல் பெருக்கினால் டி-மதிப்பு ஏறத்தாழ 3.58 ஆகும். 5 விழுக்காடு மட்டத்தில் இருபக்கச் சோதனைக்குரிய அட்டவணை மதிப்பு 3.182. கணித்த மதிப்பு இதைவிடப் பெரிது என்பதால் இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. கெழு 0.3 ஆக இருந்தால், ஐந்து மாணவர்களைக் கொண்டு அவ்வாறு முடிவு செய்ய இயலாது. நூறு மாணவர்கள் எனில் இயலும்.

ஒட்டுறவும் காரணமும்

ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. பாடம் கடினமாகத் தோன்றும் மாணவர் நெடுநேரம் படிக்கக்கூடும். முன்னறிவு மிக்கவர் குறைந்த நேரத்தில் முடித்துவிடக்கூடும். இவ்விருவரையும் ஒன்றாகக் கணக்கிட்டால் நேரத்தின் பயன் மறைந்துவிடும். எனவே, மதிப்பெண் குறைந்தவர் படிக்கவில்லை என்று முடிவு கட்டுவதும், படிப்பதால் பயனில்லை என்று கூறுவதும் ஒருசேரத் தவறாகும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்த ஹோவர்ட் ஷூமனும் குழுவினரும், படிப்பு நேரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் வலுவான தொடர்பைக் காணவில்லை என 1985இல் அறிவித்தனர். வகுப்பு வருகைக்கே மதிப்பெண்ணுடன் கூடுதல் தொடர்பு இருந்தது.

2008இல் வெளியான ஸ்டைன்பிரிக்னர் இருவரின் ஆய்வு வேறு வழியைக் கையாண்டது. கென்டக்கியின் பெரியா கல்லூரி விடுதியில் அறைத்தோழர்கள் குலுக்கல் போன்ற முறையில் ஒதுக்கப்பட்டிருந்தனர். நிகழ்பட விளையாட்டுக் கருவி கொண்டுவந்த தோழரைப் பெற்றவர்கள் குறைவாகப் படித்தனர். மதிப்பெண்ணும் குறைவாகப் பெற்றனர். தோழர் அமைவது மாணவரின் திறமையைச் சார்ந்ததன்று. ஆதலால் படிப்பு நேரம் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது என்பதற்கு இது, வெறும் ஒட்டுறவைவிட வலுவான சான்றாக அமைகிறது.