பி.எஸ்.-எம்.டி.: ஒரே பேரு, ரெண்டு படிப்பு

அவனியாபுரத்துல இருந்து பேசுறேன். ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிறதால, ஆடியோவில் கேட்கிறவங்களுக்கு நடுவுல ஒரு விமானச் சத்தம் இலவசம். படிக்கிறவங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

நீட் ரிசல்ட் வர்ற சீசன்ல நமக்கு வர்ற வாய்ஸ் நோட்ஸ்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அண்ணே, பிளஸ் டூ முடிச்சதும் வெளிநாட்டுல நேரா பி.எஸ்.-எம்.டி. சேரலாம்னு சொல்றாங்க. ஆறு வருஷத்துல ரெண்டு டிகிரி, அதுவும் எம்.பி.பி.எஸ்.ஸை விடப் பெரிய எம்.டி. சேரலாமா?"

சுருக்கமான பதில் இதுதான்: அந்தப் படிப்பு உண்மையிலேயே இருக்கு. ஆனா அது ஒரே படிப்பு இல்ல, ரெண்டு படிப்பு. நம்ம ஊர்ல டாக்டரா பதிவு பண்ணப் போகும்போது, கணக்குல எடுத்துக்கிறது பெரும்பாலும் ரெண்டாவதை மட்டும்தான். இந்த வித்தியாசம் புரியாம பணம் கட்டினா என்ன ஆகும்னுதான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவுல பள்ளி முடிச்சதும் நேரா மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாது. முதல்ல நாலு வருஷம் ஒரு இளங்கலைப் பட்டம், அப்புறம் எம்கேட்னு ஒரு நுழைவுத் தேர்வு, அதுக்கப்புறம் நாலு வருஷம் எம்.டி. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. 1893-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி திறந்தப்போ, பட்டம் வாங்கினவங்கதான் சேரலாம்னு விதி வச்சாங்க. 1910-ல ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் எழுதின அறிக்கை, தரமில்லாத மருத்துவப் பள்ளிகளைப் பேர் சொல்லிக் கிழிச்சது. அதுக்கப்புறம் நிறைய பள்ளிகள் மூடப்பட்டன. "முதல்ல கல்லூரி, பிறகு மருத்துவம்"ங்கிறது அந்த நாட்டோட வழக்கமாவே மாறிடுச்சு.

ஆனா எட்டு வருஷம் நீளமான பாதை. நடுவுல எம்கேட், நேர்காணல்னு மனசை அரிக்கிற தடைகள் வேற. அதனால சில பல்கலைக்கழகங்கள், பள்ளி முடிக்கும்போதே ரெண்டு இடத்தையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. கான்சாஸ் சிட்டியில இருக்கிற மிசௌரி பல்கலைக்கழகம் 1971-ல ஆரம்பிச்ச ஆறு வருஷப் படிப்பு இதுல பிரபலம். பிரவுன் பல்கலைக்கழகத்துலயும் இப்படி ஒண்ணு இருக்கு. அது எட்டு வருஷத்தைக் குறைக்காது, ஆனா இடையில எம்கேட் எழுத வேண்டாம், கவலையில்லாம வரலாறு, இசைன்னு எதை வேணும்னாலும் படிக்கலாம். ஆக, சேர்த்துப் படிக்கிறதுல ரெண்டு வகை லாபம்: ஒண்ணு காலம் மிச்சம், இன்னொண்ணு நிம்மதி. இப்படி இடங்கள் ரொம்பக் குறைவு. பல கல்லூரிகள் தங்கள் நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவங்களுக்கும் மட்டும்தான் தருது.

நம்ம ஊர்ல ஏன் இது இல்ல?

இருக்கு. வேற பேர்ல, வேற மாதிரி மடிச்சு வச்சிருக்கோம்.

நாம பின்பற்றுறது பிரிட்டிஷ் முறை. பள்ளி முடிச்சதும் நேரா மருத்துவம். எம்.பி.பி.எஸ்.ங்கிற பேரை உடைச்சுப் பாருங்க: மருத்துவத்துல ஒரு இளங்கலை, அறுவை சிகிச்சையில ஒரு இளங்கலை. பேர்லயே ரெண்டு பட்டம் ஒட்டியிருக்கு. நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி மருத்துவர், மொத்தம் அஞ்சரை வருஷம்.

அப்போ அமெரிக்கப் பையன் கல்லூரியில படிக்கிற அடிப்படை உயிரியல், வேதியியல், இயற்பியல் எல்லாம்? அதை நாம பதினொண்ணு, பன்னிரண்டாம் வகுப்புலயே முடிச்சுடுறோம். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல ஆரம்பிச்ச காலத்துல இன்டர்மீடியட்னு கல்லூரியில படிச்சாங்க, பிறகு பி.யு.சி. வந்தது. 1978-ல பிளஸ் டூ வந்ததும் அந்தப் பாடமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிடுச்சு. உங்க தாத்தா காலத்து ஆள் யாராவது "நான் பி.யு.சி."ன்னு பெருமையா சொன்னா, அது கிட்டத்தட்ட இதுதான். அதாவது, அவங்களோட ப்ரீ-மெட் நம்மளோட பயாலஜி குரூப்.

இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்குங்க. மீதி எல்லாம் இதுல இருந்துதான் வருது.

பிலிப்பைன்ஸ் எப்படி வந்தது?

பிலிப்பைன்ஸ் 1898-ல இருந்து 1946 வரைக்கும் அமெரிக்க ஆட்சியில இருந்த நாடு. அதனால அங்கயும் அமெரிக்க முறைதான்: முதல்ல ஒரு இளங்கலை, அப்புறம் என்மேட்னு ஒரு தகுதித் தேர்வு, அப்புறம் நாலு வருஷம் எம்.டி. ஆங்கிலத்துல பாடம், நம்மள மாதிரியே வெயில், டெங்கு, காசநோய்னு பழக்கமான நோய்கள், தனியார் மருத்துவக் கல்லூரியோட ஒப்பிட்டா குறைவான செலவு. தமிழ்நாட்டுல இருந்து நிறைய பேர் போனதுக்கு இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான்.

இந்திய மாணவர்களுக்காக அங்க ஒரு குறுக்கு வழி உருவாச்சு. ஒன்றரை அல்லது ரெண்டு வருஷத்துல பி.எஸ்., அப்புறம் எம்.டி. இங்க விளம்பரத்துல அது "ஆறு வருஷ எம்.பி.பி.எஸ்."னு ஆகிடுச்சு. கேட்க ஒரே படிப்பு மாதிரி இருக்கும். ஆனா நடுவுல ஒரு கதவு இருக்கு. என்மேட் மதிப்பெண் போதலைன்னா எம்.டி. இல்ல, கையில ஒரு பி.எஸ். மட்டும்தான்.

நம்ம ஊர் ஆளுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். ஜல்லிக்கட்டுக்கு ஆன்லைன்ல பேர் கொடுத்து, டாக்டர் பரிசோதிச்சு, டோக்கன் வாங்கிட்டா அது பெரிய விஷயம்தான். ஆனா டோக்கன் வாங்கினதைக் காட்டி யாரும் "நான் மாடு பிடிச்சேன்"னு சொல்ல முடியாது. பி.எஸ். டோக்கன். எம்.டி.தான் வாடிவாசல்.

பிலிப்பைன்ஸ்லயே உண்மையான சேர்ப்புப் படிப்பு ஒண்ணு இருக்கு. மணிலாவுல இருக்கிற பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தோட இன்டார்மெட். ஏழு வருஷம், பள்ளி முடிச்ச கையோட ரொம்பக் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பாங்க. நம்ம பக்கம் ஏஜென்ட் சொல்ற பி.எஸ்.-எம்.டி. அது இல்ல.

2021-ல என்ன மாறிச்சு?

2021 நவம்பர் 18-ல தேசிய மருத்துவ ஆணையம், வெளிநாட்டுல மருத்துவம் படிச்சவங்களுக்கான புது விதிகளைக் கொண்டு வந்தது. முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

மருத்துவப் படிப்பு குறைஞ்சது 54 மாதம் இருக்கணும். அதாவது நம்ம எம்.பி.பி.எஸ். மாதிரியே நாலரை வருஷம். அது முழுக்க ஒரே கல்லூரியில. அதே கல்லூரியில இன்னும் 12 மாதம் இன்டர்ன்ஷிப். பாடம் ஆங்கிலத்துல நடக்கணும். படிச்ச நாட்டுல, அந்த நாட்டுக் குடிமகனுக்கு இணையா மருத்துவம் பார்க்கிற உரிமம் கிடைக்கிற தகுதி இருக்கணும். இந்தியா திரும்பின பிறகு தகுதித் தேர்வும், இன்னொரு 12 மாதம் இன்டர்ன்ஷிப்பும். எல்லாத்தையும் சேர்ந்த நாளில இருந்து 10 வருஷத்துக்குள்ள முடிக்கணும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எம்.டி. நாலு வருஷம், அதாவது 48 மாதம். தேவை 54. ஆறு மாசம் குறையுது. "அதான் பி.எஸ். ரெண்டு வருஷம் இருக்கே, அதைச் சேர்த்துக்கலாமே?"ன்னு கேட்கத் தோணும். அங்கதான் நான் மனசுல வச்சுக்கச் சொன்ன வரி வருது. பி.எஸ்.ல இருக்கிற பாடம் நம்ம பதினொண்ணு, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலுக்குச் சமம், மருத்துவப் படிப்பா கணக்குல வராதுங்கிறது ஆணையத்தோட நிலைப்பாடு.

உரிமம் விஷயமும் சிக்கல். பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பு, சட்டம் தனியா விலக்கு கொடுத்தா ஒழிய, தொழில்முறைப் பணிகளை அந்நாட்டுக் குடிமக்களுக்குன்னு ஒதுக்கியிருக்கு.

அந்த நேரத்துல பி.எஸ். பாதியில இருந்த பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க. "மருத்துவம் படிக்கப் போயிருக்கான்"னு தெருவுக்கே சொல்லி அனுப்பின வீடு. அந்தப் பையன் இன்னும் மருத்துவப் படிப்புக்குள்ளயே போகலைன்னு ஒரு விதி சொல்லுது. விதி தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்; நோயாளியோட உயிர் சம்பந்தப்பட்டது. ஆனா இந்த வித்தியாசத்தைச் சேரும்போதே வீட்டுல உட்காரவச்சு சொல்லியிருக்க வேண்டியது கமிஷன் வாங்கினவங்களோட கடமை.

எம்.டி.ன்னா பெரிய டாக்டரா?

இல்ல. அமெரிக்காவுலயும் பிலிப்பைன்ஸ்லயும் எம்.டி.ங்கிறது முதல் மருத்துவப் பட்டம். இங்க எம்.பி.பி.எஸ்.க்கு அப்புறம் மூணு வருஷம் படிச்சு வாங்குற எம்.டி. வேற. எழுத்து ஒண்ணு, உயரம் வேற. கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கலாம். கிளினிக் போர்டுல சிறப்பு மருத்துவர்னு போட முடியாது.

இன்னொரு பி.எஸ். குழப்பமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நாலு வருஷ பி.எஸ். ஆரம்பிச்சது. நல்ல படிப்பு. மருத்துவக் கருவி, ஆராய்ச்சி பக்கம் போகலாம். ஆனா அதை முடிச்சா டாக்டர் ஆக முடியாது.

சரி, என்ன கேட்கணும்?

எந்த நாடா இருந்தாலும் இந்த அஞ்சு கேள்வியை எழுத்துல கேளுங்க. வாய்வார்த்தை வேண்டாம்.

ஒண்ணு, மருத்துவப் பட்டத்துக்கான படிப்பு மட்டும் எத்தனை மாசம்? ப்ரீ-மெட், மொழிப் பயிற்சி எல்லாம் கழிச்சுட்டு. நாங்க நீட்டிச்சுட்டோம்னு சொன்னா, அந்த நாட்டு அரசோட அங்கீகாரக் கடிதம் எங்கன்னு கேளுங்க.

ரெண்டு, ப்ரீ-மெட் முடிச்சதும் இடம் தானா கிடைக்குமா, தேர்வு இருக்கா? தோத்தா கட்டின பணம்?

மூணு, 12 மாத இன்டர்ன்ஷிப் அதே கல்லூரியிலயா?

நாலு, இந்தியனுக்கு அந்த நாட்டுல உரிமம் கொடுப்பாங்களா? எந்தச் சட்டப்படி?

அஞ்சு, உங்க நீட் தகுதி செல்லுமா? 2018-ல இருந்து வெளிநாடு போகவும் நீட் தேர்ச்சி கட்டாயம். அந்தத் தகுதி மூணு வருஷத்துக்குச் செல்லும்.

இது எல்லாத்துக்கும் சரியான பதில் வந்தாலும், திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. எழுதணும். 300 கேள்வி, 150 எடுத்தா பாஸ். வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கும். அதுக்குப் படிக்கிற காலத்தையும் செலவையும் முதல் நாளே கணக்குல சேர்த்துடுங்க. விதிகள் மாறும்; நீங்க சேர்ற வருஷம் என்ன விதியோ அதை ஆணையத்தோட இணையதளத்துல நீங்களே படிங்க.

ஊர்லயே இருக்கிற வழியையும் விட்டுடாதீங்க. 6-ம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 2020-ல இருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு; அதுல சேர்றவங்களோட கட்டணத்தை அரசே ஏத்துக்குது. இன்னொரு வருஷம் நீட்டுக்குப் படிக்கிறதை நம்ம வீடுகள்ல "ஒரு வருஷம் வேஸ்ட்"னு சொல்றாங்க. அதே வீட்டுல, மருத்துவமா கணக்குல வராத ரெண்டு வருஷத்துக்கு அம்மாவோட நகையை அடகு வைக்கத் தயங்குறதில்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க, அவ்வளவுதான் நான் கேட்கிறது.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, அம்மா அப்பாவையும் உட்காரவச்சு, 54, 12, 12னு மூணு எண்ணை எழுதுங்க. ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸ்ல அந்த மூணும் எங்க இருக்குன்னு தேடுங்க. கிடைக்கலைன்னா, அட்வான்ஸ் கொடுக்காம எந்திரிச்சு வந்துடுங்க.

அடுத்த எபிசோட்ல கல்விக் கடன் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. வரட்டா!